இன்டர்ஃபெரான் ஊசி போட்ட நாட்கள்: உங்கள் அனுபவம்?

தேனி மகள்:
அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய், இருப்பது 2010-ல் தெரிந்தது. எப்போதோ ஒரு ஆபரேஷனில் ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வைரஸின் உள்வகை, அதாவது ஜீனோடைப், 3. வாரம் ஒரு பெக்-இன்டர்ஃபெரான் (உடம்பில் அதிக நாள் தங்கும் இன்டர்ஃபெரான்) ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, 24 வாரம். ஜீனோடைப் 1 என்றால் 48 வாரமாம். அந்த மட்டும் தப்பித்தோம்.

ஊசி மருந்தை மதுரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. அப்போது மின்வெட்டு வேறு. ஃபிரிட்ஜைத் திறக்கவே பயப்படுவேன்.

வெள்ளி ராத்திரி ஊசி. சில மணி நேரத்தில் குளிர் ஜுரம், மேலெல்லாம் வலி. வைரஸ் தாக்கினால் உடம்பே சுரக்கிற பொருள்தான் இன்டர்ஃபெரான், அதையே ஊசியில் ஏற்றுவதால் காய்ச்சலும் கூடவே வருகிறது என்று டாக்டர் விளக்கினார். அதற்கு பாராசிட்டமாலை அளவு சொல்லிக் கொடுத்தார். சமாளித்தோம்.

சமாளிக்க முடியாதது மனசு. மூன்றாவது மாதம் அப்பா பேச்சைக் குறைத்தார். பேப்பரைப் பிரிப்பதுகூட இல்லை. நோய்க் கவலை என்றே நினைத்தோம். ஒருநாள், "நான் எதுக்கும்மா இருக்கணும்?" என்றார். அன்றே ஓடினேன். மருந்தாலேயே இப்படி வரும் என்று அப்போதுதான் சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? இன்றும் அதை நினைத்தால் ஆறவில்லை. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார், ஊசியை விடாமல் முடித்தோம். ஆறு மாதம் கழித்து எடுத்த டெஸ்டிலும் வைரஸ் இல்லை.

கோவை வாசகி:
அக்கா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நான் போடுவது இன்டர்ஃபெரானில் பீட்டா வகை, வாரம் ஒருமுறை தொடைத் தசையில் நானே போட்டுக்கொள்வேன். ஒரு வாரம் இடது, ஒரு வாரம் வலது. நரம்பின் உறையை நம் எதிர்ப்பு சக்தியே தாக்குகிற நோய் இது. இந்த ஊசி அதைக் குணமாக்காது, திடீர்த் தாக்குதல்களைக் குறைக்கும். என் டாக்டர் முதல் நாளே கணவரையும் உட்காரவைத்து, "இவங்க சரியா தூங்கலைன்னா, காரணமில்லாம அழுதா உடனே போன் பண்ணுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிசு என்று இப்போது புரிகிறது.

புது உறுப்பினர்:
அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி. அடுத்த வாரம் பெக்-இன்டர்ஃபெரான் ஆரம்பம், 48 வாரம். சி-க்கு இப்போது வெறும் மாத்திரைதானே, இவனுக்கு ஏன் ஊசி?

தேனி மகள்:
சி-க்கு சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தபின் பெரும்பாலும் 12 வாரத்தில் முடிந்துவிடுகிறது, உண்மைதான் தம்பி. பி-க்கும் மாத்திரை உண்டு, ஆனால் பலருக்கு அதை வருஷக்கணக்கில் நிறுத்த முடியாது. ஊசி என்றால் இத்தனை வாரம் என்று ஒரு முடிவு இருக்கிறது. அண்ணனுக்கு எது சரி என்பதை டாக்டரிடமே கேளுங்கள். முன்பு எப்போதாவது மனச்சோர்வு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், ஒரு நோட்டுப் போட்டு அவர் தூக்கம், சாப்பாடு, பேச்சு மூன்றையும் தினமும் எழுதுங்கள். அண்ணியிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.