மதியம் வரை நீர்த்துப்போகாத சாலட் டிரெஸ்ஸிங்: உப்பும் எண்ணெயும் குறைவாகச் செய்ய முடியுமா?

காட்பாடி வாசி:
வணக்கம். என் கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினால், சாப்பிட உட்காரும்போது ஒன்றரை ஆகிவிடும். ரத்த அழுத்தம் இருப்பதால் உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சோற்றைக் குறைத்து வெள்ளரி, கேரட், தக்காளி, வெங்காயம் நறுக்கிக் கொடுக்கிறேன். வெறும் காய் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கடையில் ஒரு பாட்டில் டிரெஸ்ஸிங் வாங்கினேன். லேபிளில் முதலில் எண்ணெய், அடுத்து தண்ணீர், மூன்றாவது சர்க்கரை. எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் அச்சிடுவார்கள் என்று தெரிந்ததால் மூடியைத் திறக்கவே மனம் வரவில்லை.

பிறகு நானே தயிரில் எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், உப்பு கலந்து காயோடு பிசிறி அனுப்பினேன். மாலையில் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. வெள்ளரி துவண்டு கிடந்தது. ஒரு விரற்கடை உயரத்துக்கு இளஞ்சிவப்புத் தண்ணீர் நின்றது. புளித்த வாடை வேறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் அம்மா:
உப்புதான் கெடுத்திருக்கிறது, கண்ணு. நறுக்கிய காயில் உப்புப் பட்டால் உள்ளே இருக்கிற நீரையெல்லாம் வெளியே இழுத்துவிடும். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் நிற்கிறதே, அதே கதைதான். டிரெஸ்ஸிங்கைத் தனிச் சம்படத்தில் கொடு. சாப்பிடும்போது அவரே கலந்துகொள்ளட்டும்.

தயிரையும் அப்படியே ஊற்றாதே. அரை லிட்டர் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி வடிகட்டியில் வை, கீழே ஒரு கிண்ணம் வைத்து இரவு முழுக்க ஃபிரிட்ஜுக்குள் விட்டுவிடு. வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் ஏறக்குறைய பாதியாக, கரண்டியில் எடுத்தால் நிற்கிற பதத்தில் இருக்கும். வடிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசை. கெட்டித் தயிரில் வறுத்துப் பொடித்த சீரகம், நசுக்கிய மிளகு, பொடியாக நறுக்கிய கொத்தமல்லி, துருவிய இஞ்சி சேர். சீரகத்தை வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்தால் உப்புக் குறைந்ததே நாக்குக்குத் தெரியாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாமாகச் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் சாம்பாரும் ஊறுகாயுமே அதைத் தாண்டிவிடுகின்றன.

ஆரணி செக்குக்காரர் மகன்:
அம்மா சொன்னது சரி. ஆனால் மே மாதத்தில் ஆறு மணி நேரம் பையில் கிடக்கிற டப்பாவுக்குத் தயிரே வேண்டாம் அக்கா. அதை வீட்டில் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இருக்கிறதே, அதை வறுத்துத் தோல் நீக்கி ஒரு மேசைக்கரண்டி எடுங்கள். ஒரு எலுமிச்சையின் சாறு, அரைத் தேக்கரண்டி கடுகு, ஒரு பச்சை மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து மையாக அரையுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், மல்லாட்டையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தானே. மேல்நாட்டு முறையில் புளிப்பு ஒரு பங்கு என்றால் எண்ணெய் மூன்று பங்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி வந்துவிடும். அதற்காகக் கொழுப்பை முழுவதுமாக ஒழித்துவிடாதீர்கள். கேரட்டின் ஆரஞ்சு நிறச் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பச்சைப் பூண்டை நசுக்கி எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம், வாடையும் காட்டிக்கொடுக்காது. வேண்டுமானால் அன்றன்றைக்கு நசுக்கிப் போடுங்கள்.

வேலூர் விடுதி மாணவன்:
வீட்டில் மயோனைஸ் அடித்தால் நல்லதுதானே அண்ணா?

ஆரணி செக்குக்காரர் மகன்:
அதிலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் எண்ணெய்தான் தம்பி. பச்சை முட்டையில் கிருமி பயம் வேறு. அதனால்தான் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. விட்டுவிடு.

காட்பாடி வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. திங்கட்கிழமை மல்லாட்டை அரைத்துச் சின்ன எவர்சில்வர் சம்படத்தில் தனியாக அனுப்பினேன். முதல் நாள் கடுகு கசந்தது; ஊறவைக்காமல் அரைத்துவிட்டேன். மறுநாள் கால் தேக்கரண்டி கடுகை எலுமிச்சைச் சாற்றில் இருபது நிமிடம் ஊறவைத்து அரைத்தேன், பச்சை மிளகாய்க்குப் பதில் மிளகு. உப்பு இரண்டு சிட்டிகைதான். பாக்ஸ் காலியாக வந்தது, சம்படத்தையும் கேரட்டால் வழித்திருக்கிறார். வெள்ளரி மட்டும் இன்னும் லேசாக நீர் விடுகிறது. இனி நடுவில் இருக்கும் விதையை வழித்துவிட்டு நறுக்கப் போகிறேன்.