மார்க்கா பள்ளத்தாக்கு நடைப்பயணம்: எட்டு நாள் விடுப்பு போதுமா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நடப்பதற்கு நானும் என் தங்கையும் திட்டமிட்டிருக்கிறோம். எனக்கு 46 வயது, அவளுக்கு 41. ஆண்டுதோறும் வெள்ளியங்கிரியின் ஏழாம் மலைவரை ஏறி இறங்குகிறவன் நான்; கடந்த ஆறு மாதமாக இருவரும் வாரத்துக்கு நான்கு நாள் எட்டுக் கிலோ சுமையோடு நடந்து பழகியும் வருகிறோம். இருவருக்கும் ஒருசேர விடுப்புக் கிடைப்பது அரிது. இம்முறை ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறுவரை எட்டு நாள் கிடைத்திருக்கிறது.

ஞாயிறு காலை விமானத்தில் லே சென்று இறங்குகிறோம். திங்கள் சிலிங் வரை காரில் போய், அங்கிருந்து ஸ்கியூவுக்கு நடை. செவ்வாய் மார்க்கா கிராமம், புதன் ஹங்கர், வியாழன் நிமாலிங். வெள்ளியன்று கோங்மாரு லா கணவாயைக் கடந்து ஷாங் சும்தோவில் இறங்கி இரவுக்குள் லே திரும்புகிறோம். சனிக்கிழமை ஓய்வு, ஞாயிறு ஊர் திரும்புதல். இந்த வரிசை சரியா? கூடாரம் சுமந்து செல்ல வேண்டுமா, வீடுகளில் தங்க முடியுமா? வழிகாட்டி கட்டாயமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பனிமலைநடை:

வணக்கம் ஐயா. மார்க்காவில் இரண்டு முறை நடந்திருக்கிறேன். உங்கள் கால்களின் வலுவில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தத் திட்டத்தோடு நீங்கள் புறப்படக் கூடாது என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து சில மணி நேரத்தில் விமானம் உங்களை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பது விளங்கும். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. வந்து இறங்கும் நாளைக் கணக்கில் சேர்க்காமல், குறைந்தது இரண்டு முழு நாள் லேயில் தங்கியே ஆக வேண்டும். முதல் நாள் படுத்துக் கிடங்கள், மறுநாள் கடைத்தெருவரை நடங்கள், மூன்றாம் நாள் சாந்தி ஸ்தூபியின் படிகளை மெதுவாக ஏறிப் பாருங்கள். உங்கள் திட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

இரண்டாவது சிக்கல் ஹங்கருக்கும் நிமாலிங்குக்கும் நடுவே இருக்கிறது. ஹங்கர் 4,000 மீட்டரை ஒட்டியது. நிமாலிங் மேய்ச்சல்வெளி 4,700-க்கும் மேலே. ஒரே பகலில் நடந்துவிடக்கூடிய தொலைவுதான், அதனால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இடையில் தச்சுங்சே என்ற முகாமிடத்தில் ஓர் இரவு தங்கி ஏறினால் உடல் தாங்கும். நான் முதல் முறை போனபோது அந்த இரவைத் தவிர்த்துவிட்டேன். நிமாலிங்கில் இரவு முழுவதும் தலைவலியும் குமட்டலுமாகக் கிடந்து, விடிந்ததும் உடன் வந்த குதிரைக்காரர் என்னைத் திரும்ப ஹங்கருக்கே இறக்கிக் கூட்டிவந்தார். கணவாய் அப்படியே நின்றுபோனது. அந்த இடத்தின் அமைப்பை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்: நிமாலிங்கிலிருந்து முன்னால் போனால் ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரக் கணவாயை ஏறிக் கடந்த பிறகுதான் இறக்கம். ஆகவே நோயுற்றவரை வந்த வழியேதான் கீழே இறக்க வேண்டும். ஊரும் வாகனமும் ஒரு நாள் நடைத்தொலைவில் இருக்கும்.

முழுப் பாதையையும் நடப்பதென்றால் பதினோரு நாள் தேவை. லேயில் வந்திறங்கும் நாளோடு மூன்று, பிறகு ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர், தச்சுங்சே, நிமாலிங், கணவாய் என ஆறு, மழைக்கோ உடல்நலக் குறைவுக்கோ ஒரு நாள், ஊர் திரும்ப ஒரு நாள். அந்த உபரி நாளை வெட்டிவிடாதீர்கள். வானிலை கெட்டால் லே விமானங்கள் ரத்தாவதும் உண்டு.

கோவை மருத்துவர்:

மேலே சொன்னதை மருத்துவர் என்ற முறையில் முழுமையாக வழிமொழிகிறேன். மலைநோய்க்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பில்லை. நன்றாகப் பயிற்சி பெற்றவர் வேகமாக ஏறிவிடுகிறார், அதனாலேயே சில சமயம் முதலில் பாதிக்கப்படுகிறார். 3,000 மீட்டருக்கு மேலே, உறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பதும் பொதுவான விதிகள். பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட, எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதே முக்கியம்.

விமானத்தில் நேரே லே போகிறவர்களுக்கு அசெட்டசோலமைடு மாத்திரை பயன்படும். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, புறப்படுவதற்கு முந்தின நாளிலிருந்து. ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, வேறு மருந்துகள் உட்கொள்ளுதல் ஆகியவற்றை உங்கள் மருத்துவர் கேட்டறிந்த பிறகே தொடங்க வேண்டும். விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வும், அடிக்கடி சிறுநீர் கழிவதும் அம்மருந்தின் இயல்பான விளைவுகள், அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியவை வேறு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் தொடர்ந்தாலோ நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். பேச்சு குழறினாலோ, குதிகாலும் விரலும் ஒட்ட நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இவ்விரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் துணையோடு உடனே கீழே இறங்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். அதனால் அண்ணனும் தங்கையும் காலையும் மாலையும் ஒருவரையொருவர் கவனித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருநைவாசி:

தங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடாரம் தேவையில்லை. ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் ஆகிய ஊர்களில் வீடுகளிலேயே அறை, இரவு உணவு, காலை உணவு, வழிக்குக் கட்டிச்சோறு எல்லாம் கிடைக்கும். நிமாலிங்கில் கோடையில் கூடாரங்கள் போட்டு வைத்திருப்பார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் 1981-இல் அமைக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. பனிச்சிறுத்தை ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்து ஆடுகளைக் கொன்றுபோட்டால் முன்பெல்லாம் அதைப் பகையாகப் பார்த்த குடும்பங்களுக்கு, இந்தத் தங்கல் வருமானம் அந்த விலங்கோடு சேர்ந்து வாழ ஒரு காரணத்தைக் கொடுத்திருக்கிறது. அதனால் வாய்ப்பிருக்கும்போது வீடுகளிலேயே தங்குங்கள். சொன்ன வாடகைக்குப் பேரம் பேசாதீர்கள். அங்குள்ளது தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறை. பயன்படுத்தியபின் மண்ணைத் தள்ளிவிட வேண்டும், அது வயலுக்கு உரமாகிறது. பிளாஸ்டிக் குப்பை எதையும் விட்டுவராமல் லேக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பாலமில்லாத இடங்களில் இறங்கித்தான் கடக்க வேண்டும். பனியாறுகள் வெயிலில் உருகுவதால் காலையில் முழங்காலளவு ஓடும் தண்ணீர் பிற்பகலில் தொடையளவுக்கு ஏறிவிடும். எனவே விடியலிலேயே புறப்பட்டு நண்பகலுக்குள் கடந்துவிடுவது நல்லது. பட்டை வைத்த செருப்பு ஒரு சோடி தனியாக வைத்திருங்கள். வெறுங்காலோடு இறங்கினால் குளிரில் கூழாங்கல் எது, பாதம் எது என்று தெரியாமல் போகும். கணவாய்க்கு அந்தப்புறத்து இறக்கமும் குறுகிய பாறையிடுக்கு வழியேதான், ஓடையை மாறி மாறித் தாண்டிக்கொண்டே போக வேண்டும். 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பு வெள்ளம் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பது நினைவிருக்கும். வானம் கறுத்திருந்தால் அந்த இடுக்கில் கால் வைக்காமல் மேலேயே காத்திருங்கள்.

வழிகாட்டி கட்டாயமில்லை, பாதை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் முதல்முறை போகும் இருவர் என்பதால் அந்த ஊர்க் குதிரைக்காரர் ஒருவரை அமர்த்திக்கொள்ளச் சொல்வேன். வெளிமாநிலத்து ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் இயங்காது; போஸ்ட்பெய்ட் இருந்தாலும் பள்ளத்தாக்குக்குள் கைபேசியை நம்பாதீர்கள்.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படித்ததும் தங்கையிடம் பேசினேன். எனக்குக் கூடுதலாக மூன்று நாள் விடுப்புக் கிடைக்க வழியில்லை. கணவாயை இந்த ஆண்டு விட்டுவிடலாம் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டோம். எட்டு நாளுக்குள் அந்தப் பள்ளத்தாக்கில் சிறிதளவேனும் நடக்க வாய்ப்புண்டா?

பனிமலைநடை:

தாராளமாக உண்டு ஐயா. செவ்வாய் இரவுவரை லேயில் இருங்கள். புதன் சிலிங் வழியாக ஸ்கியூ. சிலிங் லேயைவிடத் தாழ்வான இடம் என்பதால் உடலுக்கு இதமாக இருக்கும். வியாழன் மார்க்கா கிராமம், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நடை, ஆற்றையொட்டிக் காட்டுரோஜாப் புதர்களுக்கும் வில்லோ மரங்களுக்கும் ஊடாகப் போகும். வெள்ளி காலை கிராமத்துக்கு மேலுள்ள பாழடைந்த கோட்டையையும் மடத்தையும் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்குங்கள். வாகனச் சாலை இப்போது ஸ்கியூவைத் தாண்டியும் நீண்டுவிட்டது. புதன்கிழமை கொண்டுவிடும் ஓட்டுநரிடமே, சனிக்கிழமை எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். உள்ளே போனபிறகு அவரை அழைக்க முடியாது.