நிக்கான் இசட்6, இசட்7: மண்டப வெளிச்சத்துக்கு எந்த சென்சார்?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். திருமணப் படங்கள் எடுப்பது என் தொழில். ஓய்வு கிடைக்கும்போது பறவைகளையும் எடுப்பேன். 2018-இல் வெளிவந்த இசட்6, இசட்7 ஆகிய நிக்கான் கேமராக்களில் ஒன்றைப் பயன்படுத்திய நிலையில் வாங்க எண்ணியுள்ளேன். முதலாவதில் 24.5 மெகாபிக்சல், இரண்டாவதில் 45.7. பிக்சல் சிறிதானால் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிக் கரடு) கூடும் என்கிறார் கடைக்காரர். மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் இசட்7 உண்மையிலேயே பின்தங்குமா?

முதல் பதில்:
கடைக்காரர் சொல்வது பாதிதான் சரி. இரண்டு சென்சார்களின் (ஒளியைப் படமாக்கும் சில்லுகளின்) பரப்பும் ஒன்றே, 35.9 × 23.9 மி.மீ. ஆகவே, ஒரே லென்ஸ், ஒரே அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு), ஒரே ஷட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், சென்சாரில் விழும் மொத்த ஒளியில் வேறுபாடு இருக்காது. இசட்6-இன் பிக்சல் சுமார் 5.9 மைக்ரான், இசட்7-இன் பிக்சல் சுமார் 4.3 மைக்ரான் என்பதால், திரையில் நூறு விழுக்காட்டில் வைத்துப் பார்க்கும்போது இசட்7-இன் படம் கரடுமுரடாகத் தெரியும். ஆனால் அப்படிப் பார்ப்பது ஒரே படத்தை வேறு வேறு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பதாகும். இரண்டையும் 12 × 18 அங்குல ஆல்பம் பக்கமாக அச்சிட்டுப் பாருங்கள், மிக உயர்ந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) தவிர மற்ற இடங்களில் பிரித்தறிவது கடினம். அந்த அளவுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 5400 × 3600 பிக்சலே போதும். இசட்6 தருவது 6048 × 4024.

இரண்டாம் பதில்:
இருட்டில் உங்களைச் சோதிக்கப்போவது நாய்ஸ் அல்ல, ஃபோகஸ். நிக்கானின் விவரக்குறிப்பின்படியே, இசட்7-ஐவிட ஒரு ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இருமடங்காவது) குறைந்த ஒளியில் இசட்6 ஃபோகஸ் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. இசட்6-இன் சென்சாருக்கு முன்னால் லோ-பாஸ் ஃபில்டர் இருக்கிறது, இசட்7-இல் இல்லை. பட்டுப்புடவையின் நெருக்கமான நெசவோ கோட்டுத் துணியின் மெல்லிய கோடுகளோ பிக்சல்களின் இடைவெளியோடு ஏறத்தாழ ஒத்துப்போகும்போது, துணியில் இல்லாத வண்ண அலைகள் படத்தில் தோன்றும். அந்த மொய்ரேயை இந்த ஃபில்டர் நுண்விவரத்தைச் சற்று மழுக்கிக் குறைக்கிறது. இசட்7-இன் பிக்சல்கள் நெருக்கமானவை என்பதால் அதில் மொய்ரே அடிக்கடி வருவதில்லை, ஆனால் வந்துவிட்டால் புடவை முழுவதும் தூரிகை வைத்துத் திருத்த வேண்டியதுதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பறவைகளுக்கு எது ஏற்றது என்பதையும் சொல்லுங்கள். இசட்7-இன் ஐஎஸ்ஓ 64 அதற்குப் பயன்படுமா?

முதல் பதில் தந்தவர்:
பறவைகளுக்கு இசட்7 தான். தொலைவிலுள்ள பறவையைப் பெரிதாகக் காட்ட, டிஎக்ஸ் (நிக்கானின் சிறிய சென்சார்) அளவுக்குக் கத்தரித்தாலும் அதில் 19.5 மெகாபிக்சல் மிஞ்சும், இசட்6-இலோ 10.3 மட்டுமே. ஐஎஸ்ஓ 64-இன் பயன் வேறு வகையானது: இசட்6-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 100-ஐவிட ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளியை வெளிச்சமான பகுதிகள் விவரமிழந்து வெளுத்துப்போகாமல் ஏற்கலாம் என்பதால், டிரைபாடில் வைத்து எடுக்கும் நிலக்காட்சிகளில் நிழற்பகுதி தெளிவாக இருக்கும். பறக்கும் பறவைக்கு வேண்டிய ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 64-க்கு இடமேது?