வணரிப் பின்காப்பு: ரியர் மெயின் சீலுக்கு என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

பழைய டிரக் எஞ்சின் கையேட்டுக்காக 'ரியர் மெயின் சீல்' என்பதற்கு இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: பின்முதன்மை முத்திரை, பின் அடைப்பு, எண்ணெய்க்காப்பு. மூன்றையும் அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதில் மட்டும் பாதி சரியாக இருக்கிறது.

முத்திரை என்பது தாளில் குத்துவது, பூட்டில் வைப்பது. இந்த உறுப்போ ஒரு வளையம். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் பின்முனை எஞ்சினை விட்டு வெளியே வந்து ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தைப் பிடிக்கும் இடத்தில், தண்டு சுற்றிக்கொண்டே இருக்க, எண்ணெயை மட்டும் உள்ளேயே நிறுத்துகிறது. முத்திரைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

'முதன்மை'யும் வேண்டாம். மெயின் என்ற அடைமொழி சீலுக்கு உரியதல்ல, பேரிங்குக்கு உரியது. தண்டைத் தாங்குகிற பேரிங்குகள் மெயின் பேரிங்குகள். அவற்றில் கடைசியை ஒட்டி உட்காருவதால்தான் இந்த சீலுக்கு அந்தப் பெயர் வந்தது. பின்முதன்மை என்று எழுதினால், துணை சீல் ஒன்று வேறெங்கோ இருப்பதாகப் படிப்பவர் தேடிக்கொண்டிருப்பார்.

அடைப்பு என்ற சொல்லுக்குப் பட்டறையில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஃபில்ட்டர் அடைப்பு, டீசல் லைன் அடைப்பு என்று அது கோளாறைத்தான் குறிக்கும். இந்த உறுப்பு கசிய ஒரு முக்கியக் காரணமே அடைப்புதான். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டால் கிராங்க் தண்டு சுழலும் அறையில் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளும். 'அடைப்பினால் அடைப்பு கசிகிறது' என்று எழுத வேண்டிவரும். படிப்பவர் பாவம்.

எண்ணெய்க்காப்பு என்றதும் சிலைக்கு எண்ணெய் சாத்துவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் காப்பு அருமையான சொல். காவல் என்றும் பொருள், கையைச் சுற்றி அணியும் வளையம் என்றும் பொருள். தண்டைச் சுற்றி நின்று காவல் காக்கும் வளையத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கிராங்குக்கு வணரி ஏற்கெனவே அகராதிகளில் இருக்கிறது. வணர் என்றால் வளைவு. ஆக, என் பரிந்துரை வணரிப் பின்காப்பு. பட்டறைப் பேச்சில் பின்காப்பு போதும். முன்முனையில் இருப்பது தானாகவே முன்காப்பு ஆகிவிடும்.

ஒரு சொல் நின்றால் போதாது, அதன் குடும்பமும் சேர்ந்து நிற்க வேண்டும். பழைய எஞ்சின்களில் மூன்று வகை பார்க்கிறோம். கிராஃபைட் ஏற்றிய கயிறு கயிற்றுக்காப்பு. இரண்டு அரைவட்டமாக வரும் ரப்பர் சீல் இருபிறைக் காப்பு. ஒரே வளையமாக வருவது முழுவளையக் காப்பு. செவ்ரோலெட்டின் ஸ்மால் பிளாக் எஞ்சின் 1986-இல் இருபிறையிலிருந்து முழுவளையத்துக்கு மாறியது. வகை தெரியாமல் சாமான் வாங்கினால் பொருந்தாது, அதனால் கையேடு இந்த மூன்றையும் பெயர் சொல்லியே பிரிக்க வேண்டும்.

தண்டைத் தொட்டு உராயும் விளிம்புக்கு 'லிப்' என்பதை உதடு என்று மாற்றுவதைவிட விளிம்பு என்றே வைக்கலாம். அது எண்ணெய் இருக்கும் பக்கம், அதாவது எஞ்சினின் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புதுக் காப்பும் முதல் நாளே ஒழுகும். ஆகவே 'காப்பு விளிம்பு உள்நோக்கி' என்ற தொடரைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன்.

சரி, சொற்கள் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க இருபிறைக் காப்பு மாற்றும் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"ஃப்ளைவீலை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் சொட்டினால் உடனே பின்காப்பைக் குறைசொல்ல வேண்டாம். வால்வ் கவர், எண்ணெய் அழுத்த சென்சார், பின்புற பிளக்குகள் ஆகியவற்றிலிருந்து வழிந்தாலும் அங்கேதான் சொட்டும். கியர் எண்ணெய் வாடை அடித்தால் கியர்பாக்ஸின் உள்தண்டுக் காப்பைப் பாருங்கள். பின்காப்புதான் என்று உறுதியானால் எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பையும் கடைசி மெயின் பேரிங் மூடியையும் கழற்றுங்கள். கீழ்ப்பிறை மூடியோடு வந்துவிடும். மேல்பிறையின் ஒரு முனையை மெல்லிய பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டுங்கள். மறுமுனை சில மில்லிமீட்டர் நீண்டதும் குறடால் பிடித்து, தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே இழுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், தண்டில் கீறல் விழும். புதுப்பிறையின் விளிம்பில் எண்ணெய் தடவிச் செலுத்தும்போது எஞ்சின் பிளாக்கின் கூர்முனை அதன் முதுகைச் சீவிவிடாமல் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இடையில் வையுங்கள். இரு பிறைகளும் சேரும் இடம் மூடியின் பிரிகோட்டுக்கு நேராக அமையாமல் சுமார் 10 மில்லிமீட்டர் தள்ளியிருக்கட்டும்."

படித்துப் பார்த்ததில் எங்கும் இடறவில்லை. முதுகைச் சீவினால் உதிரும் அந்தச் சின்னத் துணுக்கு புதுக் காப்பையே கசியவைக்கும், அதனால்தான் தகடு விஷயத்தை விடாமல் எழுதினேன். கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங், சம்ப் மூன்றையும் வேண்டுமென்றேதான் அப்படியே விட்டேன். கையில் ஸ்பேனரோடு படிப்பவரை ஒரே பத்தியில் பத்துப் புதுச்சொற்களால் திணறடிக்கக் கூடாது.

முழுவளையத்தில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். டெஃப்லான் விளிம்புள்ளவற்றை எண்ணெய் தடவாமல் உலர்வாகவே பொருத்த வேண்டும். ரப்பர் விளிம்புக்குச் சொல்வதற்கு நேர்மாறு. அதற்கு உலர்காப்பு என்று தனிப்பெயர் வைத்தால் பெயரே எச்சரிக்கையாகிவிடும். பழைய கயிற்றுக்காப்புகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்பதையும் குறிப்பிடுவோம். காய்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது.

மிச்சம் ஒன்று. பல ஆண்டுகள் உராய்ந்து தண்டில் விழும் பள்ளத்துக்குத் தேய்தடம் என்று வைத்துக்கொள்ளலாம். நகம் தடுக்குகிற அளவுக்கு அது ஆழமாகிவிட்டால் புதுக் காப்பு நிற்காது. அதன்மேல் ஏற்றுகிற மெல்லிய எஃகு உறைக்கு மேலுறை என்பதா, தேய்வுறை என்பதா? நான் தேய்வுறை பக்கம். தேய்வை வாங்கிக்கொள்ளத்தானே அதைப் போடுகிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் அதை மட்டும் முடிவு செய்துவிடலாம்.