கன்னத்தில் தழும்பு இருந்தால் முன்னுக்கு நிற்கக் கூடாதா?

விசுவமடுப் பிள்ளை:
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்தேன். கணக்கு நன்றாக வரும், சிங்களமும் சமாளிப்பேன். இடது கன்னத்தில் காதடியிலிருந்து வாயோரம் வரை ஷெல் துண்டு கிழித்த தழும்பு இருக்கிறது. 2009 கடைசிச் சண்டை, மாத்தளன், அப்போது சின்னப் பிள்ளை.

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு புடவைக்கடைக்கு நேர்முகத்துக்குப் போனேன். முதலாளி சுயவிபரக்கோவையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளை, உள்ளுக்குச் சாமான் எண்ணுற வேலை தரலாம். முன்னுக்கு நிண்டா வாற சனம் என்ன நினைக்கும்?" உள்வேலைக்குக் கொமிஷனும் இல்லையாம்.

வாற சனம் யார்? பரந்தன், தருமபுரம், புதுக்குடியிருப்புச் சனம்தானே. கால் போனவரும் கை போனவரும் வந்து துணி எடுக்கிற கடையில் என் கன்னம் மட்டும் ஏன் கண்ணில் குத்த வேண்டும்? சட்டத்தில் இதற்கு ஏதும் இருக்கிறதா?

வவுனியா அக்கா:
தங்கச்சி, தழும்பு இல்லாவிட்டாலும் இதே கதைதான். நான் முந்தி வேலை செய்த கடையில் வெள்ளைப் பிள்ளைகள் காசுமேசையில், கறுத்தப் பிள்ளைகள் அரிசி மூட்டைப் பக்கம். யாரும் வாயால் சொன்னதில்லை. என்னைக் காசுமேசைக்கு மாற்றிய அன்று மட்டும், "கொஞ்சம் கூடப் பவுடர் போடுங்கோ" என்றார் மனேஜர்.

மாங்குளம் சட்டத்தரணி (இன்னும் மாணவன்தான்):
நல்ல செய்தி இல்லை, தங்கச்சி. அரசியலமைப்பின் 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்று அடுக்குகிறது. தோற்றம் அதில் இல்லை. அது இருந்திருந்தாலும் அடிப்படை உரிமை வழக்கு அரச தரப்பின் செயலுக்கு எதிராகத்தான். தனியார் முதலாளி மீது போட முடியாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதன் வரைவிலக்கணப்படி, உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் தேவைகளைத் தானே முழுமையாகவோ பகுதியாகவோ பார்த்துக்கொள்ள இயலாதவர்தான் அதில் வருவார். ஓடியாடி வேலை செய்கிற உங்களுக்கு அந்தக் கதவும் சாத்திக் கிடக்கிறது.

முள்ளியவளைக் கடைக்காரன்:
நானும் முதலாளிதான், உள்ளதைச் சொல்கிறேன். புடவைக்கடையில் பயம் அழகைப் பற்றியதல்ல, சகுனத்தைப் பற்றியது. கலியாணக் கூறை எடுக்க வருகிற சனம் யார் கையால் வாங்குகிறோம் என்று பார்க்கும். புருஷன் இல்லாத பெண்ணைக்கூடக் கலியாணச் சாறிப் பக்கம் விடாத கடை உண்டு. வன்னியில் அப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும், ஆனாலும் பார்க்கிறார்கள்.

என்னுடையது உரக்கடை. நெல்லுக்கு எரிபந்த நோய் வந்தால் எந்த மருந்து, தெளிக்கிற தாங்கிக்கு எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த ஆளைத்தான் கமக்காரர் தேடுவார்கள். என் கடைப் பொடியனுக்கு ஒரு கண் இல்லை. மருந்து கலக்கும் அளவைத்தான் அவனிடம் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். ஹாட்வெயார், மருந்துக்கடை, உரக்கடைப் பக்கம் கேட்டுப் பாருங்கோ பிள்ளை. அந்த உள்வேலையை எடுப்பதென்றால் கொமிஷனையும் கேளுங்கோ, எழுத்தில்.

விசுவமடுப் பிள்ளை:
நன்றி அண்ணை. கூறைச் சகுனம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் சந்தி மருந்துக்கடையில் ஆள் தேவை என்று மட்டை தொங்குகிறது, நாளைக்குக் காலமை போய்க் கேட்கிறேன். விண்ணப்பத்தில் என் படம் ஒட்டச் சொன்னால் ஒட்டத்தான் வேண்டுமா?