‘சுழற்சி நோய்’ வேண்டாம், ‘சுழல்நீச்சல் நோய்’ ஆகட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீன்களைத் தாக்கும் ‘whirling disease’ என்ற ஒட்டுண்ணி நோய்க்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை ‘சுழற்சி நோய்’, ‘கிறுகிறுப்பு நோய்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

‘சுழற்சி’ என்றால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் போலத் தொனிக்கிறது. அதோடு, ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைச் சொல்லாமல் இந்த நோயை விளக்கவே முடியாது; ஒரே பத்தியில் இரண்டு சுழற்சி வந்தால் குழப்பம்தான். கிறுகிறுப்போ நோயாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டிய உணர்வு. மீனிடம் நாம் காண்பது அது நீந்தும் விதத்தை. ஒட்டுண்ணி குஞ்சின் குருத்தெலும்பை அரிக்கிறது; அங்கே ஏற்படும் வீக்கம் தண்டுவடத்தை நெருக்குகிறது. வால் கறுத்து, முதுகு கோணி, தன் வாலையே துரத்துவதுபோல் குஞ்சு சுற்றிச் சுற்றி வருகிறது. இரை பிடிக்கவும் முடியாது, தப்பி ஓடவும் முடியாது. அதனால்தான் ‘சுழல்நீச்சல் நோய்’ என்கிறேன். வெறும் ‘சுழல் நோய்’ என்றால் ஆற்றுச் சுழலோடு போய்விடும்.

சரி, அடுத்தது வித்துகள் (spores), அதாவது ஒட்டுண்ணி பரவ எடுக்கும் நுண்ணிய வடிவங்கள். இந்த உயிரி மீனுக்குள் ஒரு வடிவம், சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் என்ற புழுவுக்குள் இன்னொரு வடிவம் எடுக்கிறது. இரண்டையும் வெவ்வேறு உயிரிகள் என்றே நெடுங்காலம் வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். ஒன்றுதான் என்று 1980-களில்தான் தெரிந்தது. பெயர் பிரித்ததை நம் சொற்களாவது சேர்த்துவைக்கட்டும். ஆகவே இரண்டிலும் ‘வித்து’ இருக்க வேண்டும்.

புழுவிலிருந்து வெளிவருவது மூன்று கைகளோடு நீரில் மிதந்து மீன் தோலைப் பற்றுகிறது. பார்க்க நங்கூரமேதான். ‘நங்கூர வித்து’ என்போம். மீனில் உருவாவதற்கு ‘மீன்வித்து’ பொருந்தாது, மீன்வளர்ப்போர் குஞ்சுகளையே மீன்விதை என்கிறார்கள். இந்த வித்து மீன் செத்தபின் சேற்றில் நெடுநாள் கிடந்து, புழு தின்னும்வரை காத்திருக்கும். ‘சேற்று வித்து’ எனலாம்.

இந்தச் சொல்லில் எச்சரிக்கையும் இருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மாடிசன் ஆற்றில் 1994-இல் நோய் தெரியவந்தது. சில பகுதிகளில் வானவில் டிரவுட் 90 விழுக்காடு வரை குறைந்துபோனது. 2016-இல் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவிலுள்ள ஜான்சன் ஏரியிலும் கண்டுபிடித்தார்கள். தூண்டில்காரரின் காலணியில் ஒட்டிய சேற்றோடும் இது ஆறு விட்டு ஆறு போகும். அப்புறம் அந்த ஆற்றிலிருந்து அதை அகற்ற வழியில்லை.

‘சேற்று வித்து’க்கு இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன். ‘நங்கூர வித்து’ என்பதை விட்டுக்கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.