ரிப்பேர் நடக்கும்போதே கட்டடம் அசைந்ததைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கம்பிகட்டு:
தீயில் வெந்த பட்டறை. கிரேன் கர்டரை (கிரேன் ஓடும் உத்திரம்) தாங்கும் 450 மி.மீ. சதுரத் தூண். ஜாக்கெட்டிங்குக்காக (தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை போடுவது) நாலு பக்கமும் ஒரே மூச்சில் கம்பிக்குப் பின்னால்வரை கொத்திவிட்டார்கள். பக்கத்துக்கு 65 மி.மீ. போனால் மிச்சம் 320 சதுரம். பரப்பில் சரிபாதி காலி. தற்காலிகமாகத் தாங்க முட்டு வைத்திருந்தார்கள், ஆனால் அதில் சுமையை ஏற்றவில்லை. பிரேக்கரை (கொத்தும் மெஷின்) நிறுத்தியும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) முள் இறங்கிக்கொண்டே இருந்தது. 0.40 மி.மீ. அந்த முள் ஊர்ந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அளவுகோல்:
0.40-ஐ மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கேஜ் ஸ்டாண்டை எதில் பிடித்திருந்தார்கள்? 6 மீட்டர் இரும்பு முட்டு 15 டிகிரி சூடேறினாலே 1 மி.மீ.க்கு மேல் நீளும். அதன் தலையில் ஸ்டாண்டை மாட்டினால், அசையாத தூண்கூட இறங்குவதுபோலத்தான் காட்டும்.

கம்பிகட்டு:
தரையில் ஊன்றிய தனிச் சட்டம், நிழலில். மறுநாள் விடியலில் அதே வெப்பநிலையில் 0.55. சூட்டால் வந்தது என்றால் இரவில் திரும்பியிருக்கும்.

அளவுகோல்:
அப்படியென்றால் தூண்தான் இறங்கியிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

முட்டுக்காரர்:
ஜாக்கியில் அழுத்தம் ஒரே இரவில் கசிந்து, காலையில் முட்டு தளர்ந்து கையால் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். லாக் நட்டை (ஜாக்கி இறங்காமல் பூட்டும் நட்டு) இறுக்காமல் எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பக் கூடாது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொத்துவதற்கு முன்பே சில நாள் விடியலில் ரீடிங் எடுத்து, பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதுங்கள். கட்டடம் சும்மா இருக்கும்போது எவ்வளவு அசைகிறது என்று தெரியாவிட்டால், வேலையால் வந்த அசைவைப் பிரிக்கவே முடியாது. மாடித் தளத்தில் முட்டு வைத்தால் அதற்கு நேர் கீழே ஒவ்வொரு தளத்திலும் முட்டு வேண்டும், தரைவரை. இல்லையென்றால் தூணைக் காப்பாற்றி ஸ்லாபை உடைப்பீர்கள். எந்த அளவில் எச்சரிக்கை, எந்த அளவில் வேலை நிறுத்தம் என்பதை டிசைன் இன்ஜினியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ரீடிங் எடுப்பவர் சொன்னால் பிரேக்கர் உடனே நிற்க வேண்டும். மேலாளர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. பிரேக்கர் நின்றிருக்கும்வரை கிரேனும் ஓடக் கூடாது.

சாரக்காரர்:
விரிசல் கேஜை (விரிசல் எவ்வளவு விரிகிறது என்று காட்டும் அளவி) பூச்சின்மேல் ஒட்டியிருந்த இடம் ஒன்று. வாரக்கணக்கில் ரீடிங் மாறவே இல்லை. தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோலக் கேட்டது. பூச்சு கழன்று தனியாக நின்றிருக்கிறது, உள்ளே கான்கிரீட் விரிசல் விரல் நுனி போகும் அளவு. பூச்சை உடைத்துக் கெட்டிக் கான்கிரீட்டில் எபாக்சி வைத்து ஒட்டுங்கள். விரிசலின் குறுக்கே பூசும் ஜிப்சம் பட்டை வேண்டாம். அது உடைந்தால் அசைந்தது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது.